கொலையாளியின் மனுவும் நம்மவர் தீர்ப்பும்

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தை முழுமையாகப் படித்தவர்களைக் காட்டிலும், அதன் இறுதிக் காட்சியிலிருந்து ஒரே ஓர் அடியை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களே நம்மிடையே மிகுதி. மனைவியைக் கொன்றுவிட்டு நிற்கும் மூர் தளபதி, தன் பிழை அன்பின் குறைவால் நேர்ந்ததன்று, அதன் மிகுதியால் நேர்ந்தது என்று எழுதி வைக்குமாறு வேண்டிக்கொள்ளும் அடி அது. கல்லூரித் தேர்வுக் குறிப்புகளில் அது நாடகத்தின் மையக் கருத்தாக விளங்குகின்றது. இலக்கிய மேடைகளில் அது கைதட்டல் பெற்றுத் தருகின்றது. அண்மையில் நாம் கேட்ட ஒரு சொற்பொழிவில், பேச்சாளர் அவ்வடியைக் கண்ணீர் மல்க ஒப்பித்து, “இதைவிட ஒரு கணவனின் காதலுக்குச் சான்று வேண்டுமா?” என்று கேட்டு அமர்ந்தார். அவையினர் உருகினர். கழுத்து நெரிக்கப்பட்டவளைப் பற்றி அன்று எவரும் ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

இதனை நாம் மறுக்கின்றோம். அந்த அடி நாடக ஆசிரியரின் தீர்ப்பு அன்று. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தனக்காகத் தானே எழுதிக்கொண்ட கருணை மனு. மனுவையே தீர்ப்பாக வாசிக்கும் வழக்கம் எந்த நீதிமன்றத்திலும் இல்லை. இலக்கிய மன்றத்தில் மட்டும் அது எங்ஙனம் செல்லுபடியாகும்?

மறுபுறத்தில், நம் சமுதாயத்து எழுத்தாளர் சிலரோடும் நமக்கு வழக்குண்டு. அதே பேச்சின் முடிவில், அலெப்போ நகரில் தான் ஒரு துருக்கியனைத் தொண்டையைப் பிடித்துக் குத்திய கதையை ஒத்தெல்லோ கூறுகின்றான். அத்துருக்கியனை விருத்தசேதனத்தைச் சுட்டி, நாயோடு சேர்த்து ஏசுகின்றான். இவ்விடத்தைக் கண்டதும் நம்மவர் கொதிக்கின்றனர்: “ஷேக்ஸ்பியர் இஸ்லாத்தின் பகைவர், இந்நாடகம் நம் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கலாகாது.” வேறு சிலரோ இதற்கு நேர் எதிராக, மூர் என்றால் முஸ்லிம்தானே என்று ஒத்தெல்லோவை உறவு கொண்டாடி, அவன் உள்ளத்தே கலிமாச் சொன்னவன் என்று நிறுவப் புறப்பட்டு விடுகின்றனர். உருகுவோர், கொதிப்போர், உறவு கொண்டாடுவோர் ஆகிய மூவரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். பாத்திரம் பேசியதைப் படைத்தவன் பேசியதாகக் கொள்கின்றனர். பேச்சை முழுமையாகவும் வாசிப்பதில்லை.

உறவுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். மூர் என்னும் சொல் நமக்கு அந்நியமன்று. போர்த்துக்கீசியர் தங்கள் நாட்டில் பழகிய அச்சொல்லைக் கடல் கடந்து கொணர்ந்து இலங்கைச் சோனகர் மீது சூட்டினர். அது அங்கே இன்றும் அரசாங்கக் குடிமதிப்பில் நிலைத்திருக்கின்றது. ஆதலின் நாடகத் தலைப்பைக் கண்டதும் நம் நெஞ்சு சற்றே அசைவது இயல்பு. எனினும் ஒத்தெல்லோ ஞானஸ்நானம் பெற்றவன் என்பதற்கு நாடகத்திலேயே சான்றுண்டு; அதை அவனால் துறக்கச் செய்யவும் டெஸ்டிமோனாவால் இயலும் என்று இயாகோ கறுவுகின்றான். அத்தகையோர் அக்காலத்தில் கற்பனை மாந்தர் அல்லர். கிரனடாவில் பிறந்த அல்-ஹஸன் அல்-வஸ்ஸான் 1518இல் கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டு, 1520இல் உரோமாபுரியில் போப்பின் கையால் ஞானஸ்நானம் பெற்று லியோ ஆப்பிரிக்கானஸ் ஆனார். அவர் எழுதிய ஆப்பிரிக்க வருணனை 1600இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் மொராக்கோ சுல்தானின் தூதர் அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் இலண்டனுக்கு வந்து ஆறு திங்கள் அளவில் தங்கியிருந்தார். அவருடைய உருவ ஓவியம் இன்றும் இருக்கின்றது. 1604 நவம்பர் முதல் நாள் அரண்மனையில் இந்நாடகம் நடந்தபோது, தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த மூர் ஒருவரை இலண்டன் மக்கள் கண்ணாரக் கண்டு நான்காண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. இவ்வளவே வரலாறு தரும் செய்தி. இதற்கு மேல் ஒத்தெல்லோவின் உள்ளத்துள் புகுந்து ஈமானைத் தேடுவது நம் வேலையன்று.

இனிப் பேச்சுக்கு வருவோம். வெனிஸ் அரசின் தூதன் லொடோவிகோ அவனைக் கைதியாகக் கொண்டு செல்ல நிற்கின்றான். ஒத்தெல்லோ நிறுத்துகின்றான். அரசுக்குத் தான் ஊழியம் செய்ததை நினைவூட்டுகின்றான். பிறகு, இந்நிகழ்ச்சியை மடலில் எழுதும்போது குறைக்கவும் வேண்டா, வன்மத்தால் கூட்டவும் வேண்டா, உள்ளது உள்ளபடி எழுதுக என்கின்றான். ஆகா, எத்துணை நேர்மை என்று நாம் வியப்பதற்குள், என்ன எழுத வேண்டும் என்பதையும் தானே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றான். அன்பு மிகுந்தவன், எளிதில் ஐயுறாதவன், விலைமதிப்பற்ற முத்தை அறியாமையால் எறிந்தவன், அரபு நாட்டு மரங்கள் பிசின் சொரிவது போலக் கண்ணீர் சொரிபவன்.

இவற்றுள் இரண்டாவதை மட்டும் எடுத்து உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். எளிதில் ஐயுறாதவனாம்! மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி தொடங்கும்போது அவன் மனைவியின் வேண்டுகோளுக்கு மகிழ்வுடன் இணங்கும் கணவன். அதே காட்சி முடியும்போது காசியோவை மூன்று நாள்களுக்குள் கொன்றுவிடுமாறு இயாகோவுக்கு ஆணையிடுகின்றவன். இடையில் என்ன கண்டான்? எதையும் காணவில்லை. கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடித்தவனுக்குக் கிடைத்தவை இரண்டு: காசியோ உறக்கத்தில் உளறியதாக இயாகோ சொன்ன ஒரு கனவு, காசியோ கைக்குட்டையால் தாடியைத் துடைத்ததைத் தான் கண்டதாக அதே இயாகோ சொன்ன சொல். ஒரு காட்சிக்குள் ஒருவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட முடியுமாயின், அவன் எளிதில் ஐயுறாதவன் என்பதை அவன் வாய்மொழியை வைத்தே நாம் நம்ப வேண்டுமா? நான்கு கூற்றுகளுள் இது பொய்க்கும்போது, இதன் பக்கத்தில் நிற்கும் முதற் கூற்றை மட்டும் ஏன் தங்கத்தகட்டில் பொறிக்கின்றோம்?

கைக்குட்டையைப் பற்றியும் ஒன்று. அதனைத் தன் தாய்க்கு ஓர் எகிப்தியப் பெண் கொடுத்தாள் என்று மூன்றாம் அங்கத்தில் மனைவியை அச்சுறுத்துகின்றான். அதில் மந்திரம் உண்டு என்கின்றான். இறுதிக் காட்சியிலோ அது தன் தந்தை தன் தாய்க்கு அளித்த பழம்பொருள் என்கின்றான். பொய்ச்சாட்சியால் கெட்டவன் என்று நாம் இரங்குகின்ற மனிதனே ஒரே பொருளைப் பற்றி இருவேறு வாக்குமூலம் தந்திருக்கின்றான். 1693இல் தாமஸ் ரைமர் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், இஃது ஒரு கைக்குட்டையின் அவலம் என்று எள்ளி நகையாடினார். ரைமருக்கு நகைச்சுவை இருந்த அளவு நாடகக் கண் இல்லை. அற்பமான ஒரு துணிக்கு ஓர் உயிரின் எடை தரப்பட்டது என்பதைத்தான் ஆசிரியர் காட்ட விழைந்தார். அதைக் குறையென்று கண்டார் ரைமர்.

இப்பேச்சை ஐயத்தோடு நோக்க வேண்டும் என்பது நம் புதுக் கண்டுபிடிப்பு அன்று. 1904இல் பிராட்லி ஒத்தெல்லோவைப் பெருந்தகையாகவே வருணித்தார்; நம் கல்லூரிகளில் வெகுகாலம் ஒலித்தது அவர் குரலே. ஆனால் 1927இல் டி. எஸ். எலியட், இப்பேச்சில் ஒத்தெல்லோ தன்னைத்தானே தேற்றிக்கொள்கின்றான், டெஸ்டிமோனாவை மறந்து தன்னையே நினைக்கின்றான் என்று சுட்டினார். 1937இல் லீவிஸ் அதனினும் கடுமையாக எழுதினார். இவர்கள் வாதத்தில் பெரும்பகுதியை நாம் ஏற்கின்றோம். ஆயினும் இவர்களும் அலெப்போவில் போதிய நேரம் நிற்கவில்லை என்பதே நம் குறை. ஒத்தெல்லோவின் தற்புகழ்ச்சியைக் கண்டுகொண்டவர்கள், அவனுடைய தன்வெறுப்பைக் கண்டுகொள்ளவில்லை.

அலெப்போ 1516 முதல் உதுமானியரின் நகரம். வெனிஸ் வணிகரும் பின்னர் ஆங்கில வணிகரும் அங்கே கடை வைத்திருந்தனர். அந்நகரில் ஒரு துருக்கியன் வெனிஸ்காரன் ஒருவனை அடித்தான், வெனிஸ் அரசையும் இழிவாகப் பேசினான் என்கின்றான் ஒத்தெல்லோ. அவனைத் தான் இப்படிக் குத்தினேன் என்று சொல்லிக்கொண்டே அவ்வாளைத் தன் உடலில் பாய்ச்சுகின்றான். இதனை வெறும் வீரச் செய்தி என்று எண்ணுவோர் நான்காம் அங்கத்தை நினைவுகூர வேண்டும். சைப்பிரஸ் தீவில், இதே லொடோவிகோவின் கண்ணெதிரில், வெனிஸ் குடிமகள் ஒருத்தியைக் கைநீட்டி அடித்தவன் யார்? வெனிஸின் கற்பை அவள் பெயரால் பழித்தவன் யார்? அலெப்போத் துருக்கியன் செய்ததாகக் கூறும் இரண்டு குற்றங்களும் ஒத்தெல்லோ செய்த குற்றங்களே. கொல்பவனும் அவனே, கொல்லப்படுபவனும் அவனே. வெனிஸின் ஊழியன் தன்னுள் இருக்கும் துருக்கியனைக் குத்துகின்றான்.

ஷேக்ஸ்பியர் இதனைத் தாமே புனைந்து சேர்த்தார் என்பது கவனிக்கத் தக்கது. அவர் கதையை எடுத்தது 1565இல் அச்சான சின்தியோ என்னும் இத்தாலியரின் நூலிலிருந்து. அக்கதையில் அலெப்போ இல்லை. துருக்கியப் படையெடுப்பு இல்லை. மூர் தற்கொலை செய்துகொள்வதும் இல்லை. மணல் அடைத்த காலுறையால் மனைவியை அடித்துக் கொல்வித்துவிட்டு, வீட்டுக் கூரை இடிந்து விழுந்தது போல் மறைக்கின்றான். பின்னர் அவளுடைய உறவினர் கையால் சாகின்றான். துருக்கியனைக் கொணர்ந்தவர் ஷேக்ஸ்பியர். கொணர்ந்து என்ன செய்தார்? இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே புயலில் துருக்கியக் கப்பல்களை அழித்துவிட்டார். வெளியிலிருந்து வரும் பகைவன் இனி இல்லை. சற்று நேரத்தில் வெனிஸ் வீரர்கள் குடித்துவிட்டுத் தமக்குள் வெட்டிக்கொள்ளும்போது, நாம் துருக்கியராகிவிட்டோமா என்னும் கருத்துப்பட ஒத்தெல்லோ அதட்டுகின்றான். கேட்டை எல்லாம் துருக்கியன் தலையில் ஏற்றும் பழக்கம் அவன் நாவில் அப்போதே இருக்கின்றது. மேடையில் தோன்றவே தோன்றாத துருக்கியன் மீதே முடிவிலும் கொலைப்பழி விழுகின்றது. மேடையில் இருந்துகொண்டு எல்லாத் தீமையும் செய்தவனோ வெனிஸ்காரன் இயாகோ. ஸ்பெயின் நாட்டில் மூர்களைக் கொன்றவராகக் கொண்டாடப்பட்ட புனிதரின் பெயர் அவனுக்கு.

இங்கே ஷேக்ஸ்பியரின் வன்மத்தை நாம் காணவில்லை. தனக்குப் பதவி தந்த நகரம் தன்னைப் பற்றி என்ன நினைக்கின்றதோ அதையே தானும் தன்னைப் பற்றி நினைக்கக் கற்றுக்கொண்ட ஒருவனைக் காண்கின்றோம். வெனிஸ் பெண்களின் இயல்பு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று இயாகோ சொன்னதும் அவன் அடங்கிப்போவதற்குக் காரணம் இதுவே. தான் கறுத்தவன், நாகரிகப் பேச்சு அறியாதவன், வயது சரிந்தவன் என்று அப்போது அவனே கணக்கெடுத்துக்கொள்கின்றான். தன்னை ஒருத்தி உண்மையாகவே விரும்பினாள் என்பதை அவனால் நம்ப இயலவில்லை. அன்பு மிகுந்தவனுக்கு இஃது அடையாளமாகுமா? ஓர் ஊருக்குச் சென்று அவ்வூராரினும் அவ்வூராராக ஆகத் துடித்து, வந்த வழியை வெட்கத்துடன் மறைப்போரை நாம் இன்றும் காண்கின்றோம். அவர்கள் கதையாக இதனைப் படித்தால், நம் சமுதாயத்து இளைஞர்க்கு இந்நாடகத்தைவிடப் பயனுள்ள பாடம் பிறிதொன்று இராது. இதனைப் பாடத்திலிருந்து நீக்கக் கோருவோர் எதை நீக்குகின்றோம் என்று அறியாமலே கோருகின்றனர்.

இன்னொன்றும் உண்டு, அதுவே நம்மை எழுதத் தூண்டியது. எந்தத் துருக்கியனின் மார்க்கத்தை இழிந்ததாக எண்ணி ஒத்தெல்லோ வாளைப் பாய்ச்சினானோ, அந்த மார்க்கத்தின் சட்டம் அன்று அந்த வீட்டில் நடந்திருக்குமாயின் டெஸ்டிமோனா இறந்திருக்க மாட்டாள்.

ஸூரத்துந் நூர் 24:4 வசனத்தை அறியாத முஸ்லிம் இல்லை. ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்துவோன் நான்கு சாட்சிகளைக் கொணர வேண்டும். கொணராவிடில் எண்பது கசையடி. அதன்பின் அவன் சாட்சியம் என்றென்றும் ஏற்கப்படாது. வேறு சாட்சியில்லாத கணவனுக்கு 6 முதல் 9 வரையுள்ள வசனங்கள் லிஆன் என்னும் சத்திய முறையை வகுத்தன. அதில் மனைவியும் எதிர்ச்சத்தியம் செய்யலாம். செய்துவிட்டால் தண்டனை இல்லை, பிரிவு மட்டுமே. வாள் எங்கும் இல்லை. ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள், என் மனைவியோடு அந்நியனைக் கண்டால் நான்கு சாட்சிகளைக் கூட்டி வரும்வரை விட்டு வைக்கவோ என்று வினவியபோது, ஆம் என்பதே பெருமானார் (ஸல்) அவர்களின் விடை. ரோஷம் மிக்க தலைவர் ஒருவருக்கே இதுதான் விடையென்றால், கைக்குட்டையைக் காட்டுவோனுக்கு என்ன விடை கிடைத்திருக்கும்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு நிகழ்ச்சியும் நம் நினைவுக்கு வராமல் இராது. அங்கே காணாமற்போனது ஒரு கழுத்துமாலை. இங்கே ஒரு கைக்குட்டை. அங்கே நாவு நீட்டியவன் அப்துல்லாஹ் பின் உபை, இங்கே இயாகோ. ஒரு திங்கள் அளவு வஹீ வரவில்லை. அத்தனை நாளும் அண்ணலார் துயருற்றார்கள், கை ஓங்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் பரீராவை அழைத்து வினவினார்கள். மாவைப் பிசைந்து வைத்துவிட்டு உறங்கிவிடும் இளம்பெண், ஆடு வந்து மாவைத் தின்றுவிடும். இதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் கண்டதில்லை என்றார் பரீரா. அச்சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஒத்தெல்லோவும் பணிப்பெண்ணைக் கேட்கத்தான் செய்கின்றான். நான்காம் அங்கத்தில் எமிலியாவை அழைத்து ஏதேனும் கண்டாயா என்கின்றான். என் உயிரையே பணயம் வைக்கின்றேன், அவள் தூயவள் என்கின்றாள் எமிலியா. இப்படித்தான் எந்தக் கூட்டிக்கொடுப்பவளும் சொல்வாள் என்று தள்ளிவிடுகின்றான். அந்த நாடகத்தில் உண்மையான சாட்சி ஒன்றே ஒன்று. அதைக் கேட்டும் கேளாதவன், தான் ஏமாற்றப்பட்டதாகப் பின்னர் முறையிடுகின்றான்.

இதனைப் படித்து நம்மவர் மார்தட்டிக்கொள்ள வேண்டா. சட்டம் நம்மிடம் இருந்தது, நடந்துகொண்டோமா? மனைவியை, மகளை, உடன்பிறந்தாளை மானத்தின் பெயரால் கொன்றவனுக்குத் தண்டனை குறைத்த சட்டங்கள் முஸ்லிம் நாடுகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன? 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் 324ஆம் பிரிவு கணவனுக்கு அச்சலுகையை அளித்தது. 1858இல் உதுமானிய அரசு தன் சட்டத் தொகுப்பில் 188ஆம் பிரிவாக அதைப் பெயர்த்துக்கொண்டது. அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் பரவியது. பிரான்ஸ் 1975இல் அதை நீக்கிவிட்டது. திருமறையின் நான்கு சாட்சிகளை மறந்து, நெப்போலியனின் சலுகையை மார்க்கம் என்று நம்பியவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். ஷேக்ஸ்பியரின் நாட்டிலும், அன்பு மிகுதியால் ஆத்திரம் கொண்டேன் என்னும் கணவர்களின் வாதம் நீதிமன்றங்களில் வெகுகாலம் எடுபட்டது. 2009இல் இயற்றிய சட்டம்தான், கொலைக்குத் தூண்டுதல் உண்டா என்று பார்க்கும்போது துணையின் ஒழுக்கக்கேட்டைக் கணக்கில் கொள்ளலாகாது என விதித்தது. ஒத்தெல்லோவின் மனு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வழக்குமன்றங்களில் உயிரோடு உலவியிருக்கின்றது. அதை நாம் மேடையில் கைதட்டி வரவேற்கின்றோம்.

டெஸ்டிமோனாவின் கடைசிச் சொற்களையும் நம்மவர் தவறாகவே விரிக்கின்றனர். எமிலியா ஓடிவந்து, இதைச் செய்தவர் யார் என்று கேட்க, எவரும் இல்லை, நானே என்று சொல்லிக் கணவனுக்கு வாழ்த்தும் விடுத்து இறக்கின்றாள். இதற்காக அவளைப் பத்தினியருள் வைத்துப் போற்றுவோர், அதற்குச் சில நொடிகளுக்கு முன் அவள் கூறியதை விட்டுவிடுகின்றனர். தான் அநியாயமாகக் கொல்லப்பட்டதாகவும், குற்றமற்றுச் சாவதாகவும் அவள் தெளிவாகச் சொல்கின்றாள். ஆக, மரண வாக்குமூலம் இரண்டு. கொலை நடந்தது என்பதை மறைக்கவில்லை. கொலைஞன் பெயரை மட்டும் மறைத்தாள். அம்மறைப்புக்கு ஒத்தெல்லோ தந்த கைம்மாறு என்ன தெரியுமா? பொய்யுரைத்து நரகம் சென்றாள் என்று அவளை ஏசினான். அன்பு மிகுந்தவனின் வாயிலிருந்து, பிணம் குளிரும் முன்னே வந்த சொல் அது. இச்சொல்லையும் சேர்த்து ஒப்பிக்கும் பேச்சாளர் ஒருவரை நாம் இன்றுவரை கண்டதில்லை.

1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் இந்நாடகக் காட்சி ஒன்றை ஆங்கிலத்திலேயே நடித்தனர். ஆங்கிலம் அறியாத நம் மக்களுக்கும் ஒத்தெல்லோ அறிமுகமானது அவ்வாறுதான். இருவர் நடிப்பும் உயர்ந்தது. குறை சொல்வோர் நாமல்லோம். ஆனால் கணவன், மனைவி, கட்டில் என்று மூன்றோடு கதை சுருங்கிப்போனதற்கு அத்தகைய காட்சிகளும் ஒரு காரணம். எமிலியா அதில் விடுபடுகின்றாள். நாடகத்திலோ அவள்தான் கைக்குட்டையின் உண்மையை உடைக்கின்றாள். வாயை மூடு என்று கணவன் வாளை உருவிய பின்னும் பேசுகின்றாள். பேசியதற்காகக் குத்துப்பட்டுச் சாகின்றாள். தலைவியின் அருகே தன்னைக் கிடத்துமாறு கேட்கின்றாள். திரையை இழுத்து மூடுமாறு லொடோவிகோ பணிக்கும்போது அக்கட்டிலருகே கிடப்பவர் மூவர்; நம் மேடைகள் எண்ணுவது இருவரை மட்டுமே.

கணவர்கள் பிழை செய்தால் மனைவியரும் பிழை செய்யக் கற்பர். எங்களுக்கும் உங்களைப் போல உணர்ச்சி உண்டு என்னும் கருத்தில் எமிலியா நான்காம் அங்கத்தின் முடிவில் நிகழ்த்தும் பேச்சு ஒன்றுண்டு. 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இல்லை. 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் இருக்கின்றது. ஒத்தெல்லோவின் ஓரடியைத் தமிழில் பலவாறாகப் பெயர்த்த நம் அன்பர்கள் அப்பேச்சையும் ஒருமுறை முழுமையாகத் தமிழாக்கித் தருவார்களாயின், இவ்விதழாசிரியர் அதற்கு இடம் ஒதுக்குவார் என்று நம்புகின்றோம்.